போடாம விட்ட ரெண்டு ஊசி: ஒரு ரிசர்ச் ஸ்காலர் பூனை வளர்த்த அனுபவம்

ரிசர்ச் பண்ணிக்கிட்டு தனியா ரூம் எடுத்து தங்கியிருக்கறவங்க யாராச்சும் தெருவுல கத்திக்கிட்டு கிடந்த பூனைக்குட்டிய பாவம்னு தூக்கிட்டு வந்திருந்தீங்கன்னா, இத ஒரு தடவ முழுசா படிச்சிருங்க. 2025 செப்டம்பர்ல எனக்கு நடந்தது இது. ஒரு குட்டி செத்துப்போச்சு, இன்னொண்ணு சாகக் கிடந்து பொழச்சுச்சு, கையிலேர்ந்து 11,800 ரூபா போச்சு, ஒன்றரை மாசம் தீசிஸ் வேலை அப்படியே நின்னுச்சு, அஞ்சு வருஷமா ஒரே தட்டுல சாப்பிட்ட ஃப்ரெண்டு கூட பேச்சு நின்னுபோச்சு. இதுல முக்காவாசி நடந்திருக்கவே வேணாம். அத நெனச்சா இப்பவும் வயிறு கலங்குது. அப்போ யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஆனா நானும் யார்கிட்டயும் வாயத் தொறந்து கேக்கல.

நான் தேனி பக்கம். சென்னைல வரலாறு பிஎச்டி, மூணாவது வருஷம். பழைய மெட்ராஸ் மாகாணத்துல மாட்டுக்கு வந்த வெக்கை நோய், இங்கிலீஷ்ல ரிண்டர்பெஸ்ட்னு சொல்றது, அத பத்தி தான் என் தீசிஸ். எழும்பூர்ல இருக்கற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு போய் சீட்டு எழுதிக் குடுத்துட்டு, வால்யூம் வர்ற வரைக்கும் காத்திருந்து, பென்சில்ல குறிப்பு எடுக்கறது தான் என் பொழப்பு. தாளெல்லாம் தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்கும், ஒரு நாளைக்கு பத்து பக்கம் உருப்படியா படிச்சா பெருசு. தங்கியிருக்கறது புரசைவாக்கத்துல ஒரு மொட்டமாடி ரூம், கூட ஐடில நைட் ஷிஃப்ட் பாக்கற ஒரு அக்கா. 2025 பொங்கல் முடிஞ்ச வாரம் கீழ ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில கருப்பா ஒரு குட்டி குளுருல நடுங்கிக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு மாசம் கூட இருக்காது. துப்பட்டால சுத்தி மேல கொண்டு வந்தேன். அதான் மிளகு.

பூனை வந்தா படிப்பு கெடும்னு எல்லாரும் சொன்னாங்க. என் அனுபவத்துல அது உண்மையில்ல. அவ வந்ததுக்கு அப்புறம் தான் நான் காலைல ஆறரைக்கு எந்திரிக்கவே ஆரம்பிச்சேன், ஏன்னா ஆறரைக்கு அவளுக்கு பசிக்கும், என் மூக்கு மேல பாதத்த வெச்சு அழுத்துவா. லேப்டாப் மேல உக்காந்துக்குவா, ஜெராக்ஸ் தாளக் கடிச்சு ஓரம் கிழிப்பா, அதெல்லாம் அஞ்சு நிமிஷ தொல்லை. பிஎச்டில யாரும் நம்மள தெனம் கேள்வி கேக்க மாட்டாங்க, அட்டெண்டன்ஸ் கிடையாது, ஒரு வாரம் எதுவும் எழுதலைனா கூட வெளிய யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி இருக்கறப்போ நேரத்துக்கு சாப்பாடு போடணும், அது வெளிக்கி போற மணல் தட்ட சுத்தம் பண்ணணும்னு ஒரு உயிர் கூட இருக்கறது நம்மளையும் நேரத்துக்கு கட்டிப்போடும். என் நேரத்த தின்னது மிளகு இல்ல, என் கையில இருந்த போன் தான்.

அந்த ஆகஸ்ட்டு ஞாபகம் இருக்கும். 11-ந்தேதி சுப்ரீம் கோர்ட் டெல்லி தெருநாய்ங்க எல்லாத்தையும் பிடிச்சு காப்பகத்துல அடைக்கச் சொல்லி ஆர்டர் போட்டுச்சு, 22-ந்தேதி மூணு நீதிபதி பெஞ்சு அத மாத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாய்ங்கள பிடிச்ச எடத்துலயே திருப்பி விடலாம், வெறி புடிச்சதையும் ரொம்ப ஆக்ரோஷமா இருக்கறதையும் மட்டும் விடக்கூடாதுன்னு சொல்லுச்சு. இந்த பதினோரு நாளும் எங்க ஸ்காலர்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே சண்ட. நான் நாய்ங்க பக்கம். ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் டைப் பண்ணிக்கிட்டே இருந்தேன். குரூப்ல ஒரு சீனியர் அண்ணா, அவரு பொண்ண நாய் கடிச்சு ஊசி போட்டு வந்த கதைய எழுதியிருந்தாரு. அந்தக் கொழந்த எத்தன நாள் தூங்காம பயந்து அழுதுச்சுன்னு எழுதியிருந்தாரு. அதுக்கு நான் போட்ட பதில் ரொம்ப கொடூரமா இருந்துச்சு, அத இங்க திருப்பி எழுதக்கூட எனக்கு மனசு வரல. ஒரு அப்பா தன் கொழந்த பயந்தத சொல்றாரு, நான் அவருகிட்ட வாதத்துல ஜெயிக்கணும்னு நின்னேன். என் கருத்து இப்பவும் மாறல, தெருநாய்ங்கள கொத்தா பிடிச்சு அடைக்கறது தீர்வு இல்லன்னு தான் நெனைக்கறேன், ஆனா அந்த பதினோரு நாள்ல நான் ஒருத்தரோட மனசையும் மாத்தல, சாப்டர் மூணுல ஒரு பத்தி கூட எழுதல. விலங்குகளுக்காக விடிய விடிய பேசுன நான், என் ரூம்ல இருந்த விலங்குக்கு போட வேண்டிய தடுப்பூசிய அந்த நிமிஷம் வரைக்கும் போடல.

தடுப்பூசி விஷயத்த நல்லா கேட்டுக்கங்க. மிளகு வந்த புதுசுலயே ஒரு கிளினிக்ல கேட்டேன், ஒரு டோஸ் 900 ரூபா, ரெண்டு டோஸ்னு சொன்னாங்க. ஃபெல்லோஷிப் மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவ சேர்ந்து தான் வரும், அடுத்த தடவ வந்ததும் போட்டுக்கலாம்னு தள்ளிப்போட்டேன். வந்துச்சு. அப்போ 1,400 ரூபாய்க்கு அவளுக்கு ஒரு வட்ட மெத்தையும் பந்தும் வாங்குனேன், அது சந்தோஷமா இருந்துச்சு, ஊசிய மறந்துட்டேன். வீட்டுக்குள்ளயே இருக்கற பூனைக்கு என்ன நோய் வரப்போவுதுன்னு ஒரு நெனப்பு. அது தப்பு. பூனைங்களுக்கு வர்ற பார்வோ, அதாவது எஃப்பிவின்னு சொல்ற வைரஸ், நம்ம செருப்புல, பேன்ட் ஓரத்துல ஒட்டிக்கிட்டு கூட உள்ள வரும். குட்டிக்கு ஆறுலேர்ந்து எட்டு வாரத்துல முதல் டோஸ், அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ, 16 வாரம் ஆகற வரைக்கும் போடணும். தாய்ப்பால்ல வர்ற எதிர்ப்பு சக்தி முதல் டோஸ வேலை செய்ய விடாம தடுக்கலாம், அதனால தான் திரும்பத் திரும்ப போடறாங்க, ஒரு ஊசியோட நிறுத்திராதீங்க. காசு கம்மியா இருந்தா மெத்தை வேணாம், அட்டப்பெட்டில பழைய நைட்டி போட்டா போதும், ஊசி தான் முதல் செலவு.

பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள், ஆகஸ்ட் 28, என் ஃப்ரெண்டு வந்தா. அவளும் நானும் எம்ஏலேர்ந்து ஒண்ணா படிச்சவங்க. கேம்பஸ் பைக் ஸ்டாண்டுல கிடைச்சுதுன்னு ஒரு குட்டிய ஷூ டப்பாவுல கொண்டு வந்தா, வெள்ளையும் பழுப்புமா, ஒன்றரை மாசம் இருக்கும். "ஹைதராபாத்ல கான்ஃபரன்ஸ் டி, ரெண்டே நாள், வந்து தூக்கிட்டு போயிடறேன்"ன்னா. ஹவுஸ் ஓனர் அம்மா குடுத்த சுண்டல் கிண்ணத்துல போய் மூஞ்சிய விட்டதால அதுக்கு சுண்டல்னே பேரு வெச்சோம். ரெண்டு நாள்னு சொன்னவ அங்கேர்ந்து அப்படியே சொந்தக்காரங்க வீட்டுக்கு போயிட்டா. நானும் எப்ப வருவன்னு அழுத்திக் கேக்கல. சாப்பாடு யாரு செலவு, உடம்பு சரியில்லாம போனா யாரு தூக்கிட்டு போறது, எந்தத் தேதிக்குள்ள எடுத்துக்கணும், இதெல்லாம் ஃப்ரெண்டுகிட்ட போய் எப்படிக் கேக்கறதுன்னு கூச்சம். இப்போ யாராச்சும் ஒரு உயிர என்கிட்ட விட்டுட்டு போறேன்னா நான் மெசேஜ்லயே எழுதி கேட்டுருவேன். அந்த கூச்சத்தால தான் பின்னாடி எங்களுக்குள்ள அவ்வளவு கசப்பு வந்துச்சு.

முதல் நாளே ரெண்டையும் ஒரே ரூம்ல விட்டேன். மிளகு மொதல்ல சீறுனா, சாயங்காலமே சுண்டலோட தலைய நக்கிக்கிட்டு இருந்தா. அத போட்டோ புடிச்சு எல்லாருக்கும் அனுப்புனேன். இந்த எடத்துல தான் எனக்கு என்னையே மன்னிக்க முடியல. நான் தெனமும் படிக்கறதே இத தான். வெக்கை நோய் பரவுனப்போ நோய் வந்த மாட்ட பிரிச்சுக் கட்டுங்க, புதுசா வர்ற மாட்ட மந்தையோட சேக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப எழுதியிருக்காங்க. 1866-லயே மெட்ராஸ் மாகாணத்துல கால்நடை நோய் பரவாம தடுக்கன்னு ஒரு சட்டமே வந்துச்சு, 1871-ல கால்நடைக் கொள்ளைநோய் கமிஷன் அறிக்கை வந்துச்சு, அத பத்தி நான் நாப்பது பக்கம் எழுதி வெச்சிருக்கேன். இந்தியாவுல அந்த நோய் ஒழிஞ்சதா 2006-ல அறிவிச்சாங்க, உலகம் முழுக்க ஒழிஞ்சதா 2011-ல, பெரியம்மைக்கு அப்புறம் பூமியிலேர்ந்தே ஒழிச்ச நோய் அது ஒண்ணு தான். இவ்வளவும் தெரிஞ்ச நான் என் பன்னெண்டுக்கு பத்து ரூம்ல ஒரு குட்டிய தனியா வைக்கணும்னு யோசிக்கல. புது பூனை வந்தா குறைஞ்சது ரெண்டு வாரம் தனி அறை, தனி அறை இல்லைன்னா பாத்ரூம்லயாச்சும் வைங்க. தட்டு, தண்ணி கிண்ணம், மணல் தட்டு எல்லாம் வேற வேற. மொதல்ல பழைய பூனைய கவனிச்சுட்டு அப்புறம் புதுச தொடுங்க, தொட்டா கையும் கழுவுங்க, துணியும் மாத்துங்க.

அஞ்சாவது நாள் சுண்டல் சோர்ந்துச்சு. வயித்தால போச்சு. நான் பாக்கெட் பால் குடுத்திருந்தேன், பசும்பால் குட்டிங்களுக்கு ஒத்துக்காதுன்னு அப்போ தான் படிச்சேன், அதனால தான் போவுதுன்னு நெனச்சு பாலை நிறுத்திட்டு சும்மா இருந்துட்டேன். அதுல ஒரு முழு நாள் போச்சு. மறுநாள் மஞ்சளா நுரையா வாந்தி, தண்ணிக் கிண்ணத்துக்கு மேல தலைய தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு, ஆனா குடிக்கல. தாகம் இருக்கு, நாக்கு நீளுது, முழுங்க முடியல. அந்த மாதிரி கிண்ணத்துக்கிட்ட குனிஞ்சு உக்காந்துக்கிட்டே குடிக்காம இருந்தா ஒரு மணி நேரம் கூட தள்ளிப்போடாதீங்க. உடம்பு சுட்டுச்சு. அக்கா நல்ல மனசுல "மனுசங்களுக்கு குடுக்கற காய்ச்சல் மாத்திரைய கால் துண்டு கரைச்சு ஊத்தலாமா"ன்னு கேட்டாங்க, நானும் கையில எடுத்துட்டேன், ஏதோ ஒரு பயத்துல குடுக்கல. பாராசிட்டமால் பூனைக்கு விஷம், அத முறிக்கற சக்தி பூனை உடம்புல ரொம்ப கம்மி, ஒரே மாத்திரைல பெரிய பூனையே செத்துப்போகலாம். காய்ச்சல்னு சொல்லி எந்த மனுச மாத்திரையும் குடுத்துராதீங்க.

செப்டம்பர் 3 ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தனியார் கிளினிக். சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்லி ரெண்டு ஊசி போட்டு 1,850 ரூபா வாங்கிட்டு காலைல வாங்கன்னு அனுப்பிட்டாங்க. டெஸ்ட் எதுவும் எடுக்கல. தடுப்பூசி போடாத குட்டி, வாந்தி, வயித்தால போவுது, இது மூணும் சேர்ந்தா பார்வோ ஸ்ட்ரிப் டெஸ்ட் பண்ணுங்கன்னு நீங்களே வாய்விட்டு கேக்கணும், மலத்த வெச்சு பத்து பதினஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுரும். எனக்கு அது தெரியாது. விடியக்காலை நாலு மணிக்கு சுண்டல் என் மடில செத்துப்போச்சு. உள்ளங்கைல வெச்சா ஒரு எலுமிச்சம்பழ எடை கூட இல்லாத மாதிரி இருந்துச்சு. விடிஞ்சதும் ஹவுஸ் ஓனர் அம்மா தான் பின்பக்கம் முருங்க மரத்துக்கிட்ட குழி தோண்ட எடம் காட்டுனாங்க, அவங்களே ஒரு செம்பருத்திய பறிச்சு மேல வெச்சாங்க. ஃப்ரெண்டுக்கு போன் பண்ணேன். அவ அழுதா, அழுதுட்டு "நீ போன்லயே இருந்திருப்ப, ஒழுங்கா பாத்துக்கல"ன்னா. நான் "ரெண்டு நாள்னு சொல்லிட்டு ஊர் சுத்துனது யாரு"ன்னு கத்துனேன். அதோட போனை வெச்சவ தான்.

நாலே நாள். 8-ந்தேதி காலைல மிளகு என் மூக்கு மேல பாதம் வைக்கல. கட்டிலுக்கு அடியில மூலைல சுருண்டு கிடந்தா. இந்த வைரஸ் உள்ள போனா ரெண்டுலேர்ந்து பத்து நாளுக்குள்ள பொதுவா தெரிய ஆரம்பிக்கும், அது கூட தெரியாம நான் அவளுக்கு ஒண்ணும் ஆகலன்னு நிம்மதியா இருந்திருக்கேன். அன்னிக்கு பூரா ஒண்ணும் சாப்பிடல. மறுநாள் விடிஞ்சதும் தூக்கிட்டு போலாம்னா கூடை இல்ல, தலகாணி உறைக்குள்ள விடப் பாத்தேன், பயத்துல என் முன்னங்கைய மணிக்கட்டுலேர்ந்து பிராண்டிட்டா, ரத்தம் வந்துருச்சு. அவளுக்கு வெறிநாய்க்கடி ஊசியும் போட்டதில்லயேன்னு அப்போ தான் ஒறைச்சது. யாருகிட்ட கேக்கறதுன்னு யோசிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்த ஒரே ஆளு, குரூப்ல நான் அவ்வளவு மோசமா பேசுன அந்த அண்ணா தான், ஏன்னா அவரு பொண்ணுக்கு எல்லா ஊசியும் கூட நின்னு போட்டவரு. கை நடுங்க போன் பண்ணேன். அவரு பழச எதையும் எடுக்கல, முதல் கேள்வியே "கழுவுனியாம்மா? எத்தன நிமிஷம்?" சோப்பு போட்டு ஓடற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவணும், மஞ்சளோ காபித்தூளோ எதுவும் வைக்கக் கூடாதுன்னு சொல்லி, நான் கழுவி முடிக்கற வரைக்கும் லைன்லயே இருந்தாரு.

அன்னிக்கே மதியம் அவரே வண்டி எடுத்துட்டு வந்து பக்கத்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனாரு. தோல்ல போடற ஊசி 0, 3, 7, 28 நாள்னு நாலு தடவ, ரத்தம் வந்த காயம்ங்கறதால காயத்த சுத்தி போடற இன்னொரு ஊசியும் முதல் நாள்ல போட்டாங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இதுக்கு காசு கிடையாது. வீட்டுப் பூனை தானேன்னு விட்டுராதீங்க, வெறிநோய் வந்துருச்சுன்னா அதுக்கப்புறம் மருந்தே கிடையாது. அந்த வரிசைல நிக்கறப்போ அண்ணாகிட்ட மன்னிப்பு கேட்டேன். "பரவால்லம்மா, நீ நாய்க்கு பேசுன, நான் என் பொண்ணுக்கு பேசுனேன்"னு மட்டும் சொன்னாரு. எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு.

அதுக்கு முன்னாடியே காலைல மிளக வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிருந்தேன், அக்கா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்காம கூட வந்தாங்க. 1903-ல அங்க டாபின் ஹால்ங்கற கட்டடத்துல கால்நடைக் கல்லூரி தொடங்குனத பத்தி நான் தீசிஸ்ல எழுதியிருக்கேன், ஆனா எழும்பூர்லேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்கற அந்த எடத்துக்கு அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ கூட போனதில்ல. எனக்கு முன்னாடி ஒரு தாத்தா மடில ஆட்டுக்குட்டிய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஸ்ட்ரிப்ல ரெண்டு கோடு வந்துச்சு, பார்வோ. ரத்த டெஸ்ட்ல வெள்ளை அணு 1,400. பூனைக்கு குறைஞ்சது 5,500 இருக்கணும்னு டாக்டரம்மா பேனாவால அந்த நம்பர வட்டம் போட்டுக் காட்டுனாங்க. வைரஸ நேரா கொல்ல மருந்து இல்லம்மா, ட்ரிப்ஸ் ஏத்தி, வாந்திய நிறுத்தி, வேற கிருமி தொத்தாம ஆன்டிபயாட்டிக் போட்டு, அவ உடம்பு சண்ட போட நேரம் வாங்கித் தரலாம், அவ்வளவு தான்னு சொன்னாங்க. சின்னக் குட்டியா இருந்தா கஷ்டம், இவளுக்கு பத்து மாசம் ஆச்சுல்ல, பாப்போம்னாங்க.

ஆறு நாள் தெனமும் ஆட்டோ. முன்னங்கால்ல முடிய மழிச்சு ஊசி குத்தி பச்ச கலர் டேப் சுத்தியிருப்பாங்க, பாட்டில் சொட்டு சொட்டா இறங்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், அது வரைக்கும் அவ தலைய என் கைல வெச்சு புடிச்சுக்கிட்டு நிக்கணும். நாலாவது நாள் ட்ரிப்ஸ் ஓடிக்கிட்டு இருக்கறப்பவே அவ தன் பாதத்த ஒரே ஒரு தடவ நக்குனா. பக்கத்துல இருந்த அட்டெண்டர் அண்ணன் அத பாத்துட்டு "பாப்பா, தன்னத்தானே நக்க ஆரம்பிச்சுட்டா பொழச்சுக்கும்"ன்னாரு. அன்னிக்கு ராத்திரி விரல்ல தடவுன வேகவெச்ச கோழிய நக்குனா. ஆறாவது நாள் வெள்ளை அணு 6,900.

இந்த நாட்களுக்கு நடுவுல 11-ந்தேதி என் டிசி மீட்டிங், அதாவது ஆராய்ச்சி எப்படிப் போவுதுன்னு பாக்கற டாக்டரல் கமிட்டி. நான் போகல. போகலங்கறது கூட பெருசில்ல, என் கைடு மேடத்துக்கு ஒரு மெசேஜ் கூட போடல. பூனைக்கு உடம்பு சரியில்லன்னு ஒரு ப்ரொஃபசர்கிட்ட எப்படி சொல்றது, சிரிப்பாங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு மேடம் நாலு தடவ போன் பண்ணாங்க, எடுக்கல. அப்புறம் எடுக்காம விட்டத எப்படி சொல்றதுன்னு பயந்து இன்னும் மூணு வாரம் டிபார்ட்மெண்ட் பக்கமே போகல, காப்பகத்துக்கும் போகல, மிளகு பொழச்சதுக்கு அப்புறமும் ரூம்லயே கெடந்தேன். அக்டோபர் முதல் வாரம் போய் நின்னப்போ மேடம் திட்டவே இல்ல. "ஏம்மா, ஒரு வரி போட்டிருந்தா தேதிய மாத்தியிருப்பேன், உனக்கு என்னாச்சோன்னு உங்க ஊருக்கு போன் பண்ணலாமான்னு கூட யோசிச்சேன்"னாங்க. டிசிய 17-ந்தேதிக்கு மாத்தி வெச்சாங்க. நோய்க்கு போனது ஒன்பது நாள், வாய மூடிக்கிட்டு இருந்ததுக்கு போனது ஒரு மாசத்துக்கு மேல. உங்களுக்கும் இப்படி ஆச்சுன்னா காரணம் சின்னதா பெருசான்னு யோசிக்காதீங்க, "வீட்ல ஒரு அவசரம், மீட்டிங்குக்கு வர முடியல, திங்கக்கிழமைக்குள்ள பேசறேன்"னு ரெண்டு வரி மெயில் அன்னிக்கே போட்டுருங்க. விவரம் அப்புறம் சொல்லிக்கலாம்.

காசு கணக்க சொல்லிடறேன். கிளினிக் 1,850, ஸ்ட்ரிப் டெஸ்ட் 950, ரெண்டு ரத்த டெஸ்ட் 1,400, வெளிய வாங்குன மருந்தும் ட்ரிப்ஸ் செட்டும் 3,900, ஆட்டோ 1,200, தேறி வர்றப்போ குடுத்த சாப்பாடு 1,600, சுத்தம் பண்ண, தூக்கிப் போட்டத திருப்பி வாங்க 900. என் அக்கவுண்டுல அப்போ இருந்தது 4,200. அக்கா 5,000 குடுத்தாங்க, செப்டம்பர் வாடகைய ஹவுஸ் ஓனர் அம்மா அக்டோபர்ல வாங்கிக்கிட்டாங்க. ஜனவரில அந்த 1,800-அ குடுத்திருந்தா இதுல மிளகுக்கு ஆன செலவு எதுவுமே இல்ல. மொத்தமா வர்ற ஃபெல்லோஷிப்ப நம்பி விலங்கு வளக்கறவங்க, காசு வர்ற அன்னிக்கே 5,000-அ தனியா ஒரு அக்கவுண்டுல போட்டு அத தொடாம வைங்க. அம்மாகிட்ட எல்லாம் முடிஞ்சப்புறம் தான் சொன்னேன். "பாப்பா, ஒரு உசுர வீட்டுக்குள்ள விட்டா சோறு மட்டும் போட்டா போதுமா"ன்னு கேட்டுட்டு, மறுநாள் 2,000 அனுப்புனாங்க.

சுத்தம் பண்றது ஒரு பெரிய வேலை, இத யாரும் சரியா சொல்றதில்ல. இந்த வைரஸ் தரைலயும் துணிலயும் ஒரு வருஷம் வரைக்கும் கூட உயிரோட இருக்கும். டெட்டால், பினாயில் இதெல்லாம் இத கொல்லாது, பூனை கால்ல பட்டு நக்குனா அதுவே விஷம். மொதல்ல அழுக்க சோப்புத் தண்ணில கழுவி எடுத்துட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணி கலந்து பத்து நிமிஷம் ஊற விட்டு, அப்புறம் நல்ல தண்ணில அலசணும். பூனைய அந்த நேரத்துல வேற எடத்துல வைங்க, ஜன்னலயெல்லாம் தொறந்துருங்க. அந்த 1,400 ரூபா மெத்தைய ப்ளீச்ல ஊற வைக்க முடியாதுன்னு தூக்கிப் போட்டேன். மணல் தட்டு, ஷூ டப்பா, பந்து எல்லாமே போச்சு. பார்வோ வந்த வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு தடுப்பூசி போடாத குட்டிய யாரு கொண்டு வந்தாலும் வாங்காதீங்க, எவ்வளவு பாவமா இருந்தாலும் வேணாம்.

ஃப்ரெண்டு விஷயம். நவம்பர் நடுவுல ஒரு நாள் ஜிபேல அவகிட்டேர்ந்து 3,000 ரூபா வந்துச்சு, கூட ஒரு வார்த்த இல்ல. நான் ரெண்டு நாள் யோசிச்சுட்டு, மிளகு ஜன்னல் கம்பில மூஞ்சிய வெச்சு தூங்கற போட்டோவ அனுப்புனேன். அவ வந்தா. முருங்க மரத்துக்கிட்ட கொஞ்ச நேரம் நின்னா. ரெண்டு பேருமே அந்தக் குட்டிய ஆளுக்கொரு பக்கம் விட்டுட்டோம்னு தான் சொல்லிக்கிட்டோம், யாரு தப்பு ஜாஸ்தின்னு அதுக்கப்புறம் பேசல. முன்ன மாதிரி இருக்கோம்னு சொல்ல முடியாது, பேசறோம். மிளகுக்கு இப்போ மத்த நோய்ங்களுக்கான தடுப்பூசி, வெறிநோய் ஊசி ரெண்டும் போட்டாச்சு, அடுத்தது கருத்தடை ஆபரேஷன், அன்னிக்கு ஃப்ரெண்டும் கூட வர்றேன்னிருக்கா. தலகாணி உறைய நம்பாம கூடையும் வாங்கிட்டேன், 1,150 ஆச்சு. வாங்குறப்போ மேல் பக்கம் திறக்கற கூடையா பாத்து வாங்குங்க. முன்னாடி கதவு மட்டும் இருந்தா உடம்பு சரியில்லாத பூனை பின்மூலைக்கு போய் ஒட்டிக்கும், இழுக்கறப்போ அதுக்கும் வலிக்கும், உங்க கையும் கிழியும். மேல திறந்தா துண்டோட அப்படியே அள்ளி எடுத்துரலாம்.